முழுக் கணக்கையும் முதலிலேயே சொல்லுங்கள்

தமிழ்நாட்டில் குதிரையேற்றப் பள்ளி நடத்துவோர், போட்டி நடத்துவோர், போட்டிக் குதிரைகளை லீசுக்கு விடுவோர் அனைவருக்கும்,



சனி, ஞாயிறு விடியற்காலையில் உங்கள் மைதானத்து வேலியோரம் தண்ணீர் பாட்டிலும் ஹெல்மெட் பையுமாக நிற்கும் பெற்றோரில் நானும் ஒருத்தி. கரையான்சாவடியில் ஆவடி சாலை ஓரம் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பூந்தமல்லி, குமணன்சாவடி, திருவேற்காடு பக்கத்திலிருந்து உங்களிடம் பிள்ளைகளை அனுப்பும் பல குடும்பங்களை எனக்குத் தெரியும். எங்களில் பலர் உங்களை நேரில் பார்த்துக் கேட்டுவிட்டோம். தனித்தனியாகக் கேட்டால் பதிலும் தனித்தனியாகத்தான் வருகிறது. ஒருவருக்குச் சொன்ன தொகை வேறு, அடுத்தவருக்குச் சொன்னது வேறு. அதனால்தான் உங்கள் எல்லோருக்குமாகச் சேர்த்து, எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

எங்கள் கேள்வி ஒன்றே ஒன்று. ஒரு பிள்ளை, குதிரையில் தடை தாண்டும் ஷோ ஜம்பிங்கில் ஜூனியர் நேஷனல் வரைக்கும் போக மொத்தம் எவ்வளவு ஆகும்?

இதற்கு உங்களில் ஒருவரும் முழுப் பதில் சொன்னதில்லை. சேர்க்கும்போது மாதக் கட்டணம் சொல்கிறீர்கள். அது பரதநாட்டிய வகுப்பைவிட, நீச்சல் வகுப்பைவிட அதிகம்தான். ஆனாலும் பிள்ளையின் முகத்தைப் பார்த்துவிட்டு, வேறு செலவைக் குறைத்துக்கொள்ளலாம் என்று முடிவெடுக்கிறோம். ஆறு மாதம் கழித்து, "உங்க பொண்ணுக்கு நல்ல சீட் இருக்கு, நல்ல கை இருக்கு, போட்டிக்குத் தயார் பண்ணலாம்" என்கிறீர்கள். அந்தச் சொல்லைக் கேட்ட தாய்க்கும் தகப்பனுக்கும் அன்றிரவு தூக்கம் வராது. சந்தோஷத்தில்தான். செலவு அதற்குப் பிறகு ஒவ்வொன்றாக வருகிறது. முதலில் தனிப் பயிற்சிக் கட்டணம், அடுத்து ஹெல்மெட், உடல் காப்பு, பூட்ஸ், போட்டிக் கோட்டு, சேணத்தில் பங்கு. பிறகு குதிரையேற்றக் கூட்டமைப்பில் பிள்ளைக்கு ஒரு பதிவு, குதிரைக்கு ஒரு பதிவு, குதிரையின் பாஸ்போர்ட். தகுதிப் போட்டிகளுக்கு ஒவ்வொரு முறையும் நுழைவுக் கட்டணம், லாய வாடகை, லாரிப் பங்கு. கடைசியில் குதிரை லீஸ். ஒன்று கட்டி முடித்த பிறகுதான் அடுத்தது வாட்ஸாப்பில் வருகிறது. அந்த நேரத்தில் எந்தப் பெற்றோராலும் 'வேண்டாம்' என்று சொல்ல முடியாது. கட்டிய பணம் ஒரு பக்கம் இழுக்கும், பிள்ளையின் கனவு இன்னொரு பக்கம் இழுக்கும்.

குதிரை விளையாட்டில் செலவு ஏன் இவ்வளவு என்று எனக்குத் தெரியாமல் இல்லை. உங்கள் லாயங்களில் நின்று பார்த்தே நிறையக் கற்றுக்கொண்டேன். ஐந்நூறு கிலோ எடையுள்ள ஒரு குதிரைக்கு நாளொன்றுக்குப் பத்து கிலோவுக்குக் குறையாமல் தீவனம் வேண்டும். உலர்புல், ஓட்ஸ், தவிடு, கொள்ளு, குதிரைமசால். முப்பது நாற்பது லிட்டர் தண்ணீர். ஐந்தாறு வாரத்துக்கு ஒருமுறை லாடம். சென்னையின் புழுக்கத்தில், குளிர் நாட்டிலிருந்து வந்த சில குதிரைகளுக்கு வியர்ப்பதே நின்றுவிடும். வியர்க்காத குதிரை உள்ளே வெந்துபோகும். அதற்கு மின்விசிறி, கூலர், பக்கத்திலேயே ஓர் ஆள். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. அதனால் வயிற்று வலி வந்தால் ராத்திரி இரண்டு மணியானாலும் டாக்டர் வந்தாக வேண்டும். போட்டி இல்லாத நாளிலும் இவ்வளவும் உண்டு. பிள்ளைக்குப் பரீட்சை என்று குதிரை ஒரு வாரம் பட்டினி கிடக்குமா? இந்தச் செலவை உங்கள் தலையில் கட்டிவிட்டு நாங்கள் ஒதுங்கவேண்டும் என்று நான் கேட்கவில்லை.

போட்டிக்குப் புறப்பட்டால் செலவு வேறு மாதிரி. பெங்களூர் என்றால் முந்நூற்றைம்பது கிலோமீட்டர், ஓர் இரவில் போய்விடலாம். டெல்லி என்றால் இரண்டாயிரத்துக்கும் மேல். லாரியில் குதிரையால் படுக்க முடியாது. ஒவ்வொரு பிரேக்குக்கும் கால் ஊன்றி நின்றபடியே போகிறது. வழியில் இறக்கி ஓய்வு கொடுக்க இடம் பார்க்க வேண்டும். ஏற்றுவதற்குமுன் கால்நடை மருத்துவரின் சான்றிதழ், கிளாண்டர்ஸ் நோய் இல்லை என்று ரத்தப் பரிசோதனை. போய்ச் சேர்ந்தபிறகு குதிரை களைப்பாறச் சில நாள். அத்தனை நாளும் குதிரையைப் பார்த்துக்கொள்ளும் சைஸ் அங்கே இருக்க வேண்டும், பயிற்சியாளர் இருக்க வேண்டும், பிள்ளையும் பெற்றோரில் ஒருவரும் இருக்க வேண்டும். இவ்வளவும் மைதானத்துக்குள் ஒன்றரை நிமிடத்தில் முடிந்துபோகும் ஓர் ஓட்டத்துக்காக. ஒரு கட்டை விழுந்தால் நான்கு பெனால்டி புள்ளி. குதிரை ஒருமுறை மறுத்து நின்றால் இன்னொரு நான்கு. பிள்ளை கீழே விழுந்தால் அத்தோடு வெளியே. இது விளையாட்டின் நியாயம், அதில் எனக்கு வருத்தமில்லை. தோற்பதற்கு எங்கள் பிள்ளைகள் பயப்படவில்லை. வீட்டை அடகு வைத்துவிட்டுத் தோற்பதற்குத்தான் நாங்கள் பயப்படுகிறோம். ஒரு கட்டை விழுந்தபோது தன் பிள்ளையைப் பார்த்து ஒரு தகப்பன் கத்தியதை நான் கேட்டிருக்கிறேன். அந்த மனிதர் கெட்டவர் அல்ல. அவரைக் கத்தவைத்தது கடன்.

ஜெர்மனியில் ஆஹன் நகரத்துப் போட்டியில் கிராண்ட் ப்ரீ ஒன்றுக்கே பரிசுத் தொகை பதினைந்து லட்சம் யூரோ வரை போகிறது. அங்கே குதிரைக்குக் கோடிகள் போடுகிறவருக்குத் திரும்ப வர ஒரு வழி உண்டு. நம் ஊர்ப் போட்டியில் ஜெயித்த பிள்ளைக்குக் கிடைப்பது ஒரு கோப்பை, ஒரு ரிப்பன், ஒரு சான்றிதழ். அதுவே போதும் என்று சந்தோஷமாக வாங்கிக்கொள்கிறோம். ஆனால் திரும்ப வராத பணம் என்று தெரிந்தே போடுகிற பணத்துக்கு, எவ்வளவு என்று முன்னாலேயே தெரிந்துகொள்ளும் உரிமை எங்களுக்கு இல்லையா?

இனி எங்களுக்கு நடந்ததைச் சொல்கிறேன். எந்தப் பள்ளி என்று சொல்லப்போவதில்லை. அதை ஒரு பள்ளியின் குற்றமாக மட்டும் நான் பார்க்கவில்லை. என் மகள் தகுதிப் போட்டிகளில் தேறினாள். லீசுக்கு ஒரு குதிரை ஏற்பாடானது. முழுத் தொகையும் முன்பணமாகக் கட்டினோம். புறப்பட ஒரு வாரம் இருக்கும்போது குதிரையின் முன்னங்கால் வீங்கி நொண்டியது. நொண்டும் குதிரையை ஓட்டக்கூடாது என்று முதலில் சொன்னவள் என் மகள்தான். அதில் எனக்கு இன்றைக்கும் பெருமை. லீஸ் பணம் திரும்ப வராது என்றார்கள். வேறு குதிரை வேண்டுமென்றால் வேறு லீஸ் என்றார்கள். நுழைவுக் கட்டணம் போனது போனதுதான். எங்கே எழுதியிருக்கிறது என்று கேட்டேன். எங்கேயும் எழுதியிருக்கவில்லை. "இதெல்லாம் இந்த ஃபீல்டுல எல்லாருக்கும் தெரியும்மா" என்று பதில் வந்தது. எல்லாருக்கும் என்றால் யாருக்கு? சொந்தக் குதிரை வைத்திருக்கும் குடும்பங்களுக்குத் தெரியும். ராணுவத்தில், ரேஸில் இருந்தவர்களுக்குத் தெரியும். முதல் தலைமுறையாகக் குதிரைப் பக்கம் வந்திருக்கும் எங்களுக்கு எப்படித் தெரியும்?

வெனிஸிலிருந்து வந்த மார்க்கோ போலோ பதின்மூன்றாம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டியர் நாட்டைப் பற்றி எழுதிவைத்த செய்தி ஒன்று உண்டு. நம் மண்ணில் நல்ல குதிரை பிறப்பதில்லை. அரபு, பாரசீகத் துறைமுகங்களிலிருந்து ஆயிரக்கணக்கில் கப்பலில் வரும். அரசர்கள் கஜானாவைத் திறந்து பொன்னைக் கொட்டி வாங்குவார்கள். வந்த குதிரைகளில் பெரும்பாலானவை பராமரிப்புத் தெரியாமல் வருஷம் முடிவதற்குள் செத்துப்போகும். அடுத்த ஆண்டு மறுபடி வாங்குவார்கள். இதில் என்னை உலுக்கியது அடுத்த செய்திதான். லாடம் அடிக்கவும் வைத்தியம் பார்க்கவும் தெரிந்தவர்களைக் குதிரை வியாபாரிகள் கூட்டிவர மாட்டார்களாம். வேறு யாரும் இங்கே வந்துவிடாமலும் பார்த்துக்கொள்வார்களாம். வாங்குகிறவனுக்கு விஷயம் தெரியாத வரைக்கும்தான் அவர்களுக்கு வியாபாரம். குதிரை வாங்க அரசன் கொடுத்தனுப்பிய பொன்னைக் கோயிலுக்குச் செலவிட்ட மாணிக்கவாசகர் கதையை நம் வீடுகளில் பிள்ளைகளுக்குச் சொல்கிறோம். அந்தக் கதையிலும் மந்திரியே நேரில் போய் வாங்கிவரும் அளவுக்குக் குதிரை ஓர் அரசாங்கச் செலவு. இந்த நாட்டில் குதிரை என்றைக்கும் விலை உயர்ந்ததாகத்தான் இருந்திருக்கிறது. விலை தெரியாமல் வாங்கியவர்கள்தான் அதில் அழிந்தார்கள்.

நீங்கள் அந்த வியாபாரிகள் இல்லை. உங்களில் பலர் லாபம் பார்க்காமல், சொந்தக் காசைப் போட்டுக் குதிரைகளைக் காப்பாற்றுகிறீர்கள் என்பது எனக்குத் தெரியும். ஊரடங்குக் காலத்தில் வகுப்பே நடக்காதபோதும் ஒரு குதிரைக்கும் தீவனத்தை நிறுத்தாத பள்ளிகளை நான் அறிவேன். இவ்வளவு உரிமையோடு கேட்பதற்குக் காரணமும் அதுதான்.

"இது பணக்காரர்களின் விளையாட்டு, முடியாதவர்கள் ஏன் வர வேண்டும்" என்று ஒரு பதில் அடிக்கடி வருகிறது. எங்கள் உறவுக்காரர்களும் அதையேதான் சொல்கிறார்கள். ஆனால் இந்த விளையாட்டில் நம் நாட்டின் வரலாறு அப்படிச் சொல்லவில்லை. 1982 டெல்லி ஆசிய விளையாட்டில்தான் குதிரையேற்றம் முதன்முதலாகச் சேர்க்கப்பட்டது. இந்தியா அதில் மூன்று தங்கம் வென்றது. ஈவென்டிங் பிரிவில் தனிநபர் தங்கத்தை வாங்கிய ரகுபீர் சிங் ஒரு ராணுவ வீரர், 61-ஆம் குதிரைப்படையைச் சேர்ந்தவர். குதிரையும் லாயமும் மைதானமும் மருத்துவரும் அரசின் செலவு. வீரன் தன் திறமையை மட்டும் கொண்டுவந்தால் போதுமாக இருந்தது. அதன்பிறகு தனிநபர் பதக்கம் ஒன்றுக்கு 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டு வரை, முப்பத்தாறு ஆண்டுகள் காத்திருந்தோம். பெங்களூரின் ஃபவாத் மிர்சா அங்கே தனிநபர் வெள்ளியும், அணியோடு சேர்ந்து இன்னொரு வெள்ளியும் வாங்கினார். டோக்கியோ ஒலிம்பிக்கிலும் இறுதிச் சுற்று வரை போய் 23-ஆம் இடம் பெற்றார். அவர் திறமையில் யாருக்கும் சந்தேகமில்லை. ஆனால் அவருக்குப் பின்னால் ஒரு பெரிய கட்டுமான நிறுவனம் நின்றது, ஐரோப்பியக் குதிரைகள் நின்றன, ஜெர்மனியில் பயிற்சி இருந்தது. 2023 ஹாங்சோ ஆசிய விளையாட்டில் நம் டிரெஸ்ஸாஜ் அணி, நாற்பத்தொரு ஆண்டுகள் கழித்துக் குதிரையேற்றத் தங்கம் வென்றபோது எங்கள் வீட்டில் எல்லோரும் தொலைக்காட்சி முன்னால்தான் இருந்தோம். அனுஷ் அகர்வல்லா, சுதிப்தி ஹஜேலா, திவ்யகிருதி சிங், ஹ்ரிதய் சேடா. நால்வருமே ஐரோப்பாவில் பயிற்சி பெற்றவர்கள். அவர்களின் குதிரைகளும் ஐரோப்பாவிலிருந்துதான் சீனாவுக்கு விமானம் ஏறின. அனுஷ் பதினேழு வயதிலேயே கொல்கத்தாவை விட்டு ஜெர்மனிக்குப் போனவர்.

ஏன் எல்லோரும் அங்கே போக வேண்டியிருந்தது? இங்கிருந்து குதிரையை வெளிநாட்டுக்குக் கொண்டுபோக முடியாத நிலை நெடுங்காலம் இருந்தது. நோய்த் தடுப்பு விதிகள் அப்படி. இது நமக்கு மட்டும் நேர்ந்ததல்ல. 1956-இல் மெல்போர்னில் ஒலிம்பிக் நடந்தபோது ஆஸ்திரேலியாவின் விதிகளால் குதிரைப் போட்டிகளை மட்டும் ஸ்டாக்ஹோமில் வைத்தார்கள். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கின் குதிரைப் போட்டிகள் ஹாங்காங்கில் நடந்தன. 2025 ஜூலையில் மீரட்டில் உள்ள ராணுவக் கால்நடைப் படையின் மையத்தை, நோயற்ற குதிரைகளின் தனிப் பகுதியாக உலக விலங்கு சுகாதார அமைப்பு அங்கீகரித்தது. நம் நாட்டுக் குதிரை இந்தியாவிலிருந்து புறப்பட்டு வெளிநாட்டில் போட்டியிட ஒரு கதவு திறந்திருக்கிறது. அதே ஆண்டு செப்டம்பரில் குதிரைகள் மீதான ஜிஎஸ்டி 12 விழுக்காட்டிலிருந்து 5 ஆகக் குறைந்தது. நல்ல செய்திகள்தான். ஆனால் மீரட்டில் திறந்த கதவு வரை பூந்தமல்லியிலிருந்து ஒரு பிள்ளை எப்படிப் போய்ச் சேரும்? அந்தத் தூரத்தைக் குறைப்பது உங்கள் கையில்தான் இருக்கிறது.

எங்கள் பிள்ளைகளில் பெரும்பாலோர் கற்றுக்கொள்வது கிண்டியிலும் பெங்களூரிலும் பந்தயத்தில் ஓடி ஓய்ந்த குதிரைகளில்தான். ஐந்தாறு வயதில் பந்தயத்துக்கு உதவாமல் போகும் ஒரு குதிரைக்கு அதற்குப் பிறகும் இருபது ஆண்டு ஆயுள் இருக்கலாம். அவற்றை நீங்கள் எடுத்து, ஓட மட்டுமே தெரிந்த உடம்புக்கு நிதானம் சொல்லிக்கொடுத்து, பத்து வயதுப் பிள்ளையைச் சுமக்கப் பழக்குகிறீர்கள். இதைவிடப் பெரிய வேலை இல்லை என்றே நினைக்கிறேன். 2024 செப்டம்பரில் கிண்டி ரேஸ் கோர்ஸ் நிலத்தை அரசு கையகப்படுத்தியது. குத்தகை பாக்கி, வழக்கு என்று நீண்ட கதை அது. நகரத்துக்கு நடுவே நூற்றறுபது ஏக்கர் பொதுமக்களுக்குத் திரும்பி வருவதில் எனக்கு முழுச் சம்மதம். ஆனால் அங்கிருந்து உங்களிடம் வந்துகொண்டிருந்த குதிரைகளின் வரத்து என்ன ஆகும் என்று யாரும் பேசவில்லை. குதிரை குறைந்தால் லீஸ் ஏறும். லீஸ் ஏறினால் முதலில் விழப்போவது எங்களைப் போன்ற குடும்பங்கள்தான். அதனால்தான் இந்தக் கடிதத்தை இனியும் தள்ளிப்போட முடியவில்லை.

குதிரையைப் பற்றியும் ஒன்று சொல்லியாக வேண்டும். கணக்கு இடிக்கும்போது முதல் அடி குதிரைக்குத்தான் விழுகிறது. லீஸ் கட்டியாகிவிட்டது, லாரி பேசியாகிவிட்டது, பிள்ளை அழுகிறது. இப்படி ஒரு நாளில் லேசாக நொண்டும் குதிரைக்கு 'பியூட்' என்ற வலி மருந்தைக் கொடுத்து, வலியை மறைத்து இறக்கிவிடும் ஆசை வரும். வலி தெரியாத கால் தடையைத் தாண்டும். தாண்டி இறங்கும்போது தசைநார் கிழியும். பன்னாட்டுப் போட்டியில் அந்த மருந்தோடு குதிரை பிடிபட்டால் தடை. சின்னப் போட்டியில் யார் சோதிக்கிறார்கள்? லீஸ் ஒப்பந்தத்தில் 'குதிரை நொண்டினால் பணத்தில் இவ்வளவு திரும்ப வரும்' என்று ஒரு வரி இருந்தால், அந்த ஆசைக்கே இடமில்லாமல் போகும். நான் கேட்கும் அந்த ஒரு வரி எங்கள் பணத்தை மட்டுமல்ல, உங்கள் குதிரையையும் காப்பாற்றும்.

சைஸ்களையும் மறக்க வேண்டாம். ராஜஸ்தானிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த பையன்கள், நம் ஊர்ப் பையன்களும் சிலர். போட்டி நாட்களில் லாயத்துக்கு வெளியே ஒரு பாயை விரித்துப் படுக்கிறார்கள். குதிரை உறங்கிய பிறகு உறங்கி, அது எழும் முன் எழுகிறார்கள். எந்தக் குதிரைக்கு எந்தக் காலில் பழைய காயம் என்று பயிற்சியாளரைவிட அவர்களுக்கே நன்றாகத் தெரியும். அவர்களின் பேட்டாவைப் பெற்றோர் கொடுப்பதா, பள்ளி கொடுப்பதா என்பதும் எங்கேயும் எழுதப்படாத விஷயம். நாங்கள் கொடுத்துவிட்டோம் என்று பள்ளி நினைக்கிறது, பள்ளி கொடுக்கும் என்று நாங்கள் நினைக்கிறோம். நடுவில் அந்தப் பையன் வெறும் கையோடு ஊர் திரும்புகிறான். முழுக் கணக்கு என்று நான் சொல்வதில் அவன் கூலியும் அடங்கும்.

செலவைக் குறைக்க வழியே இல்லையா என்றால், இருக்கிறது. உலகம் ஏற்கெனவே செய்துபார்த்த வழிதான். பன்னாட்டுக் குதிரையேற்றக் கூட்டமைப்பு நடத்தும் ஜம்பிங் வேர்ல்ட் சேலஞ்ச் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். எல்லா நாட்டிலும் ஒரே வரைபடத்தில் தடைகளை அமைத்து, அவரவர் ஊரிலேயே ஓட்டி, முடிவுகளை மட்டும் ஒப்பிடுகிறார்கள். இறுதிப் போட்டிக்குத் தேர்வானவர் தன் குதிரையைக் கொண்டுபோக வேண்டாம். அங்கே குலுக்கலில் கிடைக்கும் குதிரையில் ஓட்டுவார். இளையோர் ஒலிம்பிக்கிலும் 2010 சிங்கப்பூர் தொடங்கி, போட்டி நடத்துவோர் ஏற்பாடு செய்த குதிரைகளில்தான் பிள்ளைகள் தாண்டினார்கள். அங்கே குதிரையின் விலை போட்டியிடவில்லை, பிள்ளையின் கை போட்டியிட்டது. ஸ்வீடனில் நகராட்சிகளின் ஆதரவோடு நடக்கும் குதிரையேற்றப் பள்ளிகளில், சொந்தக் குதிரை இல்லாத பிள்ளைகள் பள்ளிக் குதிரையிலேயே போட்டியிட்டு வளர்கிறார்கள். டோக்கியோ ஒலிம்பிக்கில் ஷோ ஜம்பிங் அணித் தங்கம் அந்த நாட்டுக்குத்தான் போனது.

இரவல் குதிரை ஆபத்து என்று உங்களில் சிலர் சொல்வீர்கள். சரியான பயம். டோக்கியோவில் நவீன ஐந்திறப் போட்டியில் முன்னணியில் இருந்த ஜெர்மனி வீராங்கனைக்குக் குலுக்கலில் கிடைத்த குதிரை தாண்ட மறுத்தது. பழகிக்கொள்ள அவருக்கு இருந்தது இருபது நிமிடம். அவர் அழுதார், பயிற்சியாளர் குதிரையைக் குத்தினார், உலகமே பார்த்தது. பாரிஸ் ஒலிம்பிக்கோடு அந்தப் போட்டியிலிருந்து குதிரையே எடுக்கப்பட்டுவிட்டது. இருபது நிமிடத்தில் எந்தக் குதிரையும் எந்தப் பிள்ளையும் ஒருவரையொருவர் புரிந்துகொள்ள முடியாது. அதனால் நான் கேட்பது போட்டியன்று காலையில் சீட்டுக் குலுக்குவதை அல்ல. சீசன் முழுவதும் இரண்டு பிள்ளைகளுக்கு ஒரு குதிரை. இருவரும் அதிலேயே பயிற்சி எடுக்கட்டும், அதன் லாயத்தைக் கூட்டட்டும், அதன் காலைத் தடவிப் பார்த்துச் சூடு இருக்கிறதா என்று கற்றுக்கொள்ளட்டும். போட்டியில் வேறு வேறு உயரப் பிரிவில் இருவரும் அதே குதிரையில் இறங்கட்டும். ஒரு நாளில் இரண்டு ஓட்டத்துக்கு மேல் அந்தக் குதிரையை இறக்கக் கூடாது என்று நீங்களே விதி வையுங்கள், நாங்கள் கட்டுப்படுகிறோம்.

ஆகவே உங்களிடம் நாங்கள் கேட்பது இவைதான்.

ஒரு பிள்ளையைப் போட்டிப் பயிற்சிக்கு எடுக்கும் முன், அந்த ஆண்டு முழுவதும் ஆகக்கூடிய செலவை ஒரு தாளில், தமிழில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். பயிற்சி, உடை, பதிவு, நுழைவு, லாயம், லாரி, தீவனம், மருத்துவர், லாடம், சைஸ் கூலி, லீஸ் எல்லாம் அதில் இருக்கட்டும். சரியான தொகை தெரியாவிட்டால் குறைந்தது இவ்வளவு, கூடினால் இவ்வளவு என்று எழுதுங்கள். குதிரை நொண்டினால் யார் என்ன கொடுப்பது, போட்டி தள்ளிப்போனால் என்ன, பிள்ளை நடுவில் விலகினால் என்ன என்பதும் அதே தாளில் வேண்டும். அதைப் படித்துவிட்டுச் சிலர் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். போகட்டும். நகையை விற்ற பிறகு போவதைவிட அது நல்லது. வாரம் ஒருநாள் சந்தோஷமாகச் சவாரி செய்யும் பிள்ளையாக அது உங்களிடமே திரும்பியும் வரலாம். இருக்கிறவர்கள் கடைசிவரை இருப்பார்கள்.

மாநில அளவிலான போட்டிகளில், குறைந்த உயரப் பிரிவுகளிலாவது, பகிர்ந்த குதிரைக்கு என்று தனிப் பிரிவு தொடங்குங்கள். வெளியூர்ப் போட்டிகளுக்குப் பள்ளிக்கு ஒரு லாரி என்று தனித்தனியே போகாமல், பூந்தமல்லிப் பக்கத்துக் குதிரையும் செங்குன்றத்துக் குதிரையும் கிழக்குக் கடற்கரைச் சாலைக் குதிரையும் ஒன்றாகப் போக ஏற்பாடு செய்யுங்கள். மைதானத்தில் நீங்கள் போட்டியாளர்கள்தான். நெடுஞ்சாலையிலும் அப்படி இருக்க வேண்டியதில்லை. அரசு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்திடம் உதவி கேட்கும்போதும் ஒரே குரலாகப் போங்கள். வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியிடம் ஆண்டுக்கு ஒருமுறை எல்லாப் பள்ளிக் குதிரைகளுக்கும் பொதுப் பரிசோதனை நடத்தித்தரக் கேளுங்கள். உங்களோடு வந்து நிற்க நாங்கள் தயார். ஆனால் கையில் எழுதிய கணக்கு இல்லாமல் எந்த அதிகாரியிடமும் எதையும் கேட்க முடியாது. எவ்வளவு தேவை என்று அவர் கேட்கும் முதல் கேள்விக்கே நம்மிடம் பதில் இருக்காது.

அடுத்த சீசன் அட்டவணை வரும் முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் ஓர் இடத்தில் கூடுங்கள். இடம் கிடைக்காவிட்டால் கரையான்சாவடியில் ஒரு திருமண மண்டபத்தை ஒரு மதியத்துக்கு நாங்கள் பெற்றோர்கள் பிடித்துத் தருகிறோம். உங்கள் பள்ளியின் கடந்த ஆண்டுக் கணக்கைக் கொண்டுவாருங்கள். எங்கள் கையில் உள்ள ரசீதுகளையும், ரசீது இல்லாமல் கொடுத்ததைக் குறித்துவைத்த நோட்டுகளையும் நாங்கள் கொண்டுவருகிறோம். உட்கார்ந்து, வரிவரியாகப் பார்த்து, எல்லாப் பள்ளிக்கும் பொதுவாக ஒரு செலவுத் தாளை அன்றைக்கே எழுதி முடிப்போம். அதைத் தட்டச்சு செய்து, எத்தனை பிரதி வேண்டுமோ அத்தனையும் எடுத்துத் தரும் வேலையை என் கடை பார்த்துக்கொள்ளும். தேதியை மட்டும் நீங்கள் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மாணவி ஒருத்தியின் தாய்,
கரையான்சாவடி.